தலையணைக்கு அடியில் ஒளித்த இட்லி

(புனித சூசையப்பர் பெருவிழாவையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட சிந்தனை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, ஒரு கணவனும் மனைவியும் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். பல ஆண்டுகள் குழந்தைக்காகக் காத்திருந்து, நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றைச் சட்டப்படி தத்தெடுத்தவர்கள். அந்தக் குழந்தைக்கு நான்தான் திருமுழுக்குக் கொடுத்தேன். அன்று பங்கே மகிழ்ந்தது. அன்பியத்தார் எல்லாரும் சேர்ந்து கேக் வெட்டினார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம்கூட ஆகவில்லை. நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தத் தாய், "ஃபாதர், இந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுடலாமான்னு தோணுது" என்றார். சொன்ன உடனேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.

நடந்தது இதுதான். பீரோவுக்குப் பின்னால் காய்ந்த சப்பாத்தி கிடக்கும். தலையணைக்கு அடியில் இட்லி இருக்கும். எறும்பு மொய்த்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியும். "யாரும்மா வெச்சது?" என்று கேட்டால், "நான் இல்ல" என்று நேராகக் கண்ணைப் பார்த்துச் சொல்வாள். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவரின் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நடந்துவிடுவாள். ஆனால் அம்மா அணைக்கப் போனால் உடம்பு விறைத்துப்போகும். ஒருநாள் கடித்தே விட்டாள். கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த பொம்மையை அன்று மாலையே உடைத்துவிட்டாள். அப்பாவிடம் ஓரளவு ஒட்டிக்கொள்கிறாள், அம்மாவிடம்தான் இத்தனை பகை. "என்னைத்தான் ஃபாதர் அவளுக்குப் பிடிக்கல" என்றார் அந்தத் தாய். பக்கத்து வீட்டு அம்மாவோ, "எந்த ரத்தமோ, அது பேசுது" என்று சொல்லிவிட்டாராம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செல்லம் அதிகமாப் போச்சு. கொஞ்சம் கண்டிப்பு வேணும். அடம்பிடிச்சா தனியா ஒரு அறையில உட்கார வையுங்க, தானா வழிக்கு வருவா" என்றேன். அவர்களும் அப்படியே செய்தார்கள். முதல் சில நாள்கள் தொண்டை கட்டும்வரை அலறினாளாம், உடுப்பையும் நனைத்துக்கொண்டாளாம். மூன்றாவது வாரத்தில் அடங்கிவிட்டாள். "இப்போ சத்தமே இல்ல ஃபாதர்" என்று அந்தத் தந்தை சொன்னபோது, நான் சொன்ன வழி பலித்துவிட்டது என்று எனக்கு மனநிறைவு. உளவியல் படித்த அருள்சகோதரி ஒருவரிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் குழந்தை அழுகையை நிறுத்தினதுக்கு நீங்க சந்தோஷப்படுறீங்களா ஃபாதர்? எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அந்த அருள்சகோதரியிடம் அதன்பின் நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். தத்தெடுத்த பெற்றோருக்கு மட்டுமல்ல, அவர்களைச் சுற்றி வாழும் நம் எல்லாருக்கும் இது தேவை.

அழுகை ஏன் நிற்கிறது?

கைக்குழந்தைக்குப் பசிக்கிறது, அழுகிறது. யாரோ ஒருவர் வந்து தூக்கிப் பாலூட்டுகிறார், குழந்தை அடங்குகிறது. மறுபடியும் நனைத்துக்கொண்டு அழுகிறது. அதே முகம், அதே குரல், அதே மணம் திரும்பி வருகிறது. இது ஒரு நாளில் பலமுறை, ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. பேசத் தெரியாத அந்தப் பிஞ்சு இதிலிருந்து இரண்டு பாடங்கள் கற்கிறது. ஒன்று, நான் அழுதால் ஆள் வரும். இரண்டு, நான் ஆள் வரத் தகுந்தவள். இதைத்தான் உளவியலார் பற்றுறவு என்கிறார்கள். பிற்காலத்தில் பிறரை நம்புவது, கோபத்தை அடக்குவது, தவறை ஒப்புக்கொள்வது எல்லாவற்றுக்கும் அடித்தளம் இங்கேதான் போடப்படுகிறது.

இனி இன்னொரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். பிறந்த சில நாள்களில் கைவிடப்பட்டு ஓர் இல்லத்தில் வளர்கிறது. அங்கே ஒரு ஆயா பல தொட்டில்களைப் பார்க்க வேண்டும். ஆயாவுக்கு அன்பில்லை என்று சொல்லவில்லை, இருப்பது இரண்டு கைதான். இரவுப் பணிக்கு வேறொருவர் வருவார். பழகிய ஆயா வேலையை விட்டுப்போனால், குழந்தைக்கு அது இன்னொரு தாயின் இழப்பு. அழுகிறது, ஆள் வரவில்லை. மறுபடி அழுகிறது, வரவில்லை. ஒரு கட்டத்தில் அழுது பயனில்லை என்று அந்த உடம்பே தெரிந்துகொண்டு நிறுத்திவிடுகிறது. பார்க்கிறவர்கள், "எவ்வளவு சமர்த்தான பிள்ளை!" என்கிறார்கள்.

இந்த ஏமாற்றத்தை முதலில் கவனித்துச் சொன்னவர்களில் இங்கிலாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் ஒருவர். அக்காலத்தில் மருத்துவமனைகளில் குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோரை எளிதில் விடமாட்டார்கள். தாயைப் பிரிந்த சிறு குழந்தைகள் மூன்று நிலைகளைக் கடப்பதை அவர் கண்டார். முதலில் கதறி எதிர்ப்பார்கள். அடுத்து நம்பிக்கையிழந்து சோர்வார்கள். மூன்றாவதாகத் தாயே வந்தாலும் ஆளைத் தெரியாதவர்போல் விலகி நிற்பார்கள். செவிலியர்கள் அந்த மூன்றாம் நிலையைத்தான் "குழந்தை பழகிவிட்டது" என்று எண்ணினார்கள். 1952இல் அவர், மருத்துவமனையில் தங்கிய ஓர் இரண்டு வயதுக் குழந்தையைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டினார். அவரோடு பணியாற்றிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் ஓர் அறிக்கை எழுதினார். சோறும் துணியும் கூரையும் போதாது, நிலையாக உடனிருக்கும் ஒரு தாயுறவு குழந்தைக்கு வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதற்கு வேதனையான சான்று ருமேனியா நாட்டிலிருந்து வந்தது. 1989 டிசம்பரில் அங்கே சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்தபோது, அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கிடந்ததை உலகம் பார்த்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஆய்வாளர்கள் தலைநகர் புக்கரெஸ்டில் இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பங்கள் கிடைத்தன. குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறனும் பற்றுறவும் தேறின. ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. காயம் உண்மையானது, அதைக் கற்பனை என்று தள்ளக் கூடாது. அதேபோல் குணமும் உண்மையானது, அது குடும்பத்தில்தான் நடக்கிறது. தத்தெடுக்கப்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சிக்கல் வரும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள். தாமதமாகக் குடும்பம் கிடைத்த சில பிள்ளைகளுக்கும், பசியும் அடியும் கைமாறுதலும் கண்ட பிள்ளைகளுக்கும் கூடுதல் காலமும் வேறு வகையான வளர்ப்பும் தேவைப்படுகின்றன.

குறும்பா, அச்சமா?

அருள்சகோதரி என்னிடம், "அந்தப் பிள்ளை செய்ற ஒவ்வொண்ணையும் 'கெட்ட குணம்'னு படிக்காம, 'பயம்'னு படிச்சுப் பாருங்க ஃபாதர்" என்றார். அப்படிப் படித்தபோது எல்லாமே மாறிவிட்டது.

இட்லியை ஒளிப்பது திருட்டு அல்ல. அடுத்த வேளைச் சோறு உறுதியில்லாத இடத்தில் வாழ்ந்த பிள்ளை, நாளைக்கு எடுத்துவைக்கிறது. எட்டு மாதமாக மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கிறதே என்று நாம் கேட்கலாம். கிடைக்காத காலம் அதைவிட நீண்டது அல்லவா?

பொய் சொல்வதும் அப்படியே. பயந்த குழந்தைக்கு உண்மையைச் சொன்னால் அடி விழும், அல்லது இந்த வீடும் போய்விடும். அந்த நொடியைத் தாண்டினால் போதும் என்று வாய் தானாகவே "இல்லை" என்கிறது.

முன்பின் தெரியாதவரோடு போவது தைரியம் அல்ல. யாரும் தனக்கென்று நிலையாக இல்லாதபோது, கிடைத்த கையைப் பிடித்துக்கொள்ளப் பழகியிருக்கிறாள்.

அம்மாவை மட்டும் ஏன் தள்ளுகிறாள்? அவளுக்குத் தெரிந்தவரையில் 'அம்மா' என்பவர் விட்டுப்போகிறவர். ஒருவரிடம் மனம் நெருங்க நெருங்க, இழந்துவிடுவோமோ என்ற அச்சமும் வளர்கிறது. ஆகவே அவர் தள்ளுவதற்கு முன் தானே தள்ளிவிடுகிறாள். "என்னைத்தான் பிடிக்கல" என்று அழுத தாயிடம் அருள்சகோதரி, "இல்லம்மா, உங்ககிட்டதான் அவளுக்கு இழக்கிறதுக்கு ஏதோ இருக்கு. அதனாலதான் இவ்வளவு பயம்" என்றார். அந்தத் தாய் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

பொம்மையை உடைத்தது? நல்லது எதுவும் தனக்கு நிலைக்காது என்று நம்புகிற குழந்தை, அது பறிபோகும்வரை காத்திருக்க முடியாமல் தானே முடித்துவிடுகிறது. மகிழ்ச்சியான நாள்களில்தான் இப்படிப்பட்ட குழந்தைகள் அதிகம் குலைந்துபோகிறார்கள். பெற்றோர் இதை நன்றிகெட்டதனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதில் உடம்புக்கும் பங்கு உண்டு. நம் மூளையின் உட்பகுதியில் ஆபத்தை உணர்த்தும் மணி ஒன்று இருக்கிறது. அமிக்டலா என்பார்கள். ஓயாத அச்சத்தில் வளர்ந்த குழந்தைக்கு அந்த மணி சின்ன அசைவுக்கும் அடிக்கிறது. குக்கர் விசில், உரத்த குரல், மூடிய கதவு, எதுவும் போதும். மணி அடிக்கும்போது யோசிக்கிற பகுதி பின்வாங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் நாம் சொல்லும் அறிவுரை காதில் விழலாம், உள்ளே போகாது. அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் புரூஸ் பெர்ரி இதற்கொரு வரிசை சொல்கிறார்: முதலில் உடம்பை அமைதிப்படுத்துங்கள், அடுத்து உறவைக் காட்டுங்கள், அதன்பிறகு விளக்கிச் சொல்லுங்கள். நாமோ பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

காயப்பட்ட குழந்தையை ஆற்றும் நோக்கத்தோடு வளர்ப்பதை ஆற்றுப்படுத்தும் வளர்ப்பு எனலாம். இது செல்லம் கொடுப்பது அல்ல. எல்லை உண்டு, ஒழுங்கு உண்டு. ஆனால் உறவை அறுக்கும் தண்டனை இல்லை. அந்த வீட்டில் அவர்கள் படிப்படியாகச் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, தனியறையை நிறுத்தினார்கள். விட்டுப்போய்விடுவார்களோ என்று நடுங்கும் பிள்ளையைத் தனியே அடைத்தால், அதன் அச்சம் மெய்யாகிறது. அடம் வரும்போது அம்மா அருகில் தரையில் உட்கார்ந்துகொள்வார். "நான் இங்கதான் இருக்கேன். நீ அமைதியானதும் பேசுவோம்" என்று மெல்லிய குரலில் ஒருமுறை சொல்வார். பிறகு பேசமாட்டார். அடிக்க வந்தால் கையைத் தடுப்பார், திருப்பி அடிக்கமாட்டார்.

இரண்டாவதாக, அவள் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு டப்பா வைத்தார்கள். அதில் வாழைப்பழம், பொட்டுக்கடலை, பிஸ்கட். "இது உன்னோடது. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம். தீர்ந்தா அம்மா நிரப்புவேன்." முதல் வாரம் ஒரே நாளில் காலி செய்தாள். அம்மா எதுவும் சொல்லாமல் நிரப்பினார். சில வாரங்களில் டப்பாவில் மிச்சம் இருக்கத் தொடங்கியது. தலையணைக்கு அடியில் தேட வேண்டிய வேலையும் குறைந்தது.

மூன்றாவதாக, நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. அதே நேரத்தில் குளியல், சாப்பாடு, செபமாலை, தூக்கம். ஏதாவது மாறப்போகிறது என்றால் முன்கூட்டியே சொன்னார்கள். "நாளைக்குப் பாட்டி வீட்டுக்குப் போறோம். ராத்திரி நம்ம வீட்டுக்கே திரும்பி வந்துடுவோம்." 'திரும்பி வந்துடுவோம்' என்ற சொல் அந்தப் பிள்ளைக்கு மருந்து. வேலைக்குப் போகும்போது சொல்லாமல் நழுவுவதை அந்தத் தந்தை விட்டுவிட்டார். அழுதாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டே போனார், சொன்ன நேரத்தில் திரும்பி வந்தார்.

நான்காவதாக, அவளுக்குக் கிடைக்காமல் போன குழந்தைப் பருவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான்கு வயதுப் பெண்ணை மடியில் வைத்து ஊட்டினால், "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு ஊட்டுறதா?" என்று உறவினர் கேட்பார்கள். ஊட்டுங்கள். எண்ணெய் தேய்த்துத் தலை வாருங்கள், தாலாட்டுப் பாடுங்கள். ஆனால் பிள்ளை விரும்பும் அளவுக்கு மட்டும். பிடிக்காத பிள்ளையை வலுக்கட்டாயமாக இறுக்கிப் பிடித்துவைத்து "பாசம் வரவழைப்பது" சிகிச்சை அல்ல, அது ஆபத்தானது. யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

ஐந்தாவதாக, கேள்வி கேட்கும் தொனி மாறியது. "ஏன்டி இப்படிப் பண்ணின?" என்பதற்குப் பதில், "பொம்மை உடைஞ்சப்ப உனக்கு உள்ளுக்குள்ள என்னவோ பயமா இருந்துச்சோ?" என்று கேட்டார்கள். அமெரிக்க உளவியலாளர் டேனியல் ஹியூஸ் இத்தகைய பெற்றோருக்கு நான்கு மனநிலைகளைப் பரிந்துரைக்கிறார். விளையாட்டு மனம், பிள்ளையை உள்ளபடி ஏற்பது, தீர்ப்பிடாமல் அறிய விரும்புவது, உடன் உணர்வது. உணர்வை ஏற்பது என்றால் செயலை ஏற்பது ஆகாது. "கோபம் வரலாம். கடிக்கக் கூடாது. வா, அம்மா கைக்கு மருந்து போடலாம், நீயும் கூட இரு" என்று சொன்னால் எல்லையும் இருக்கிறது, உறவும் இருக்கிறது.

ஆறாவதாக, பெற்றோர் தவறும்போது மன்னிப்புக் கேட்டார்கள். எந்தத் தாயும் கத்தாமல் இருக்க முடியாது. கத்திய பிறகு திரும்பி வந்து, "அம்மா சத்தம் போட்டுட்டேன், தப்புதான். உன்மேல பாசம் போகல" என்று சொல்வதுதான் முக்கியம். கோபத்துக்குப் பிறகும் உறவு மிஞ்சும் என்பதை அந்தப் பிள்ளை வேறு எங்கே கற்கும்?

ஏழாவதாக, உண்மையை மறைக்கவில்லை. தத்தெடுத்ததைச் சிறுவயதிலிருந்தே கதைபோல எளிய சொற்களில் சொல்லிவந்தார்கள். ஊரார் வாயால் ஒருநாள் கேட்டு உடைவதைவிட, அம்மா மடியில் இருந்து கேட்பது நல்லது. பெற்ற தாயைப் பற்றி ஒருபோதும் இழிவாகப் பேசவில்லை. அவரை இழிவுபடுத்தினால் பிள்ளை தன்னையே இழிவாக நினைக்கும்.

தாங்குகிறவர்களை யார் தாங்குவது?

இதையெல்லாம் கேட்கும்போது எளிதாகத் தோன்றலாம். நாள்தோறும் செய்வது எளிதல்ல. அணைக்கப் போய்த் தள்ளப்படும் தாயின் மனம் ஒரு கட்டத்தில் மரத்துப்போகிறது. சமைப்பார், குளிப்பாட்டுவார், ஆனால் உள்ளே எதுவும் ஊறாது. "நான் கெட்ட தாய்" என்று அவரே தம்மைத் தீர்ப்பிடுவார். அவர் கெட்ட தாய் அல்ல, களைத்த தாய். "திருப்பி விட்டுடலாமா" என்ற சொல் அந்தக் களைப்பிலிருந்துதான் வந்தது. தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் திருப்பி அனுப்பப்படுவது நம் நாட்டிலும் நடக்கிறது. அப்படித் திரும்பும் குழந்தைக்கு அது இரண்டாவது கைவிடல். இந்தச் சொல் வாயில் வருவதற்கு முன்பே நாம் அந்தக் குடும்பத்துக்குத் துணையாகியிருக்க வேண்டும்.

சட்டத்திலும் இதற்கு வழியுண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளை எல்லா வகையிலும் அந்தப் பெற்றோரின் பிள்ளையே. அதற்கான விதிகளின்படி, குழந்தை வீட்டுக்கு வந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்தொடர் பார்வை நடக்கிறது. அதைச் சோதனை என்று எண்ணி, "எல்லாம் நல்லாப் போகுது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உள்ளதைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். தூக்கமின்மை, தன்னைத்தானே காயப்படுத்துதல், பேச்சு நின்றுபோதல் போன்றவை இருந்தால் காலம் தாழ்த்தாமல் குழந்தை மனநல மருத்துவரிடம் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பங்காகிய நாம்

இப்போது நம்மிடம் வருகிறேன். நம் சமூகத்தில் நெடுங்காலம் 'வளர்ப்புப் பிள்ளை', 'சொந்தப் பிள்ளை' என்று இரு பட்டியல் இருந்தது. அதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே நம் குடும்பங்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த இளைஞர் நீதிச் சட்டங்களே இந்த நிலையை மாற்றின. எந்தச் சமயத்தவரும் அச்சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது. திருச்சபைச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் தத்தெடுத்தவர்களின் பிள்ளைகளாகவே கருதப்படுகிறார்கள் என்கிறது அதன் 110ஆம் எண். நாட்டுச் சட்டமும் திருச்சபைச் சட்டமும் 'பிள்ளை' என்று சொல்லும்போது, நாம் ஏன் இன்னும் 'எந்த ரத்தமோ' என்கிறோம்?

ஆகவே சில வேண்டுகோள்கள். அந்தக் குடும்பத்திடம், "நீங்க பெரிய புண்ணியம் பண்ணியிருக்கீங்க" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். தான் ஒரு தருமக் கணக்கு என்று அந்தப் பிள்ளை நினைக்கும். "எங்கே எடுத்தீங்க? எவ்வளவு ஆச்சு?" என்று கேட்காதீர்கள். பிள்ளையின் நடத்தையை மூதாதையர் சாபம் என்று சொல்லி, கட்டு அவிழ்க்கிறோம் என்று எங்கும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பிள்ளைக்காகச் செபியுங்கள், ஆசி பெறுங்கள். ஆனால் ஏற்கெனவே தன்னை வேண்டாதவள் என்று நம்பும் குழந்தையிடம் சாபம் என்ற சொல்லைச் சொல்லாதீர்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்களே, அந்தப் பிள்ளை வகுப்பில் குலைந்தால் வெளியே நிறுத்தாமல் உங்கள் அருகில் உட்கார வையுங்கள். குடும்பப் படம் வரையச் சொல்லும்போது, அந்தப் பிள்ளை எப்படி வரைந்தாலும் அது சரி என்று சொல்லுங்கள். அன்பியத்தாரே, வாரத்தில் ஒருநாள் அந்த வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு செய்து கொடுங்கள். தாய் ஒரு மணி நேரம் தூங்கட்டும். வந்து ஆலோசனை சொல்பவர்கள் நிறைய, பாத்திரம் தேய்த்துக் கொடுப்பவர்கள் குறைவு. புதிதாக வந்த பிள்ளையை ஆளுக்கொரு கையாய் வாங்கிக் கொஞ்சுவதையும் கொஞ்ச காலம் தவிர்ப்போம். யார் தன் அம்மா, யார் தன் அப்பா என்பது முதலில் அதற்கு உறுதிப்படட்டும்.

சூசையப்பரை எண்ணிப் பாருங்கள். நற்செய்தியில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இரவோடு இரவாக எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு நடந்தார். திரும்பி வந்து நாசரேத்தில் குடியமர்ந்தார். தம் உடல்வழி பிறக்காத அந்த மகன் ஊராரால் தச்சனின் மகன் என்றே அழைக்கப்பட்டார். பேச்சைவிட, கூடவே இருப்பது ஒரு தந்தையை உண்டாக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தனியறையை நிறுத்திய பிறகும் அந்தச் சிறுமி பல மாதங்கள் அழவே இல்லை. விழுந்து முழங்காலில் ரத்தம் வந்தாலும் தானே துடைத்துக்கொள்வாள். ஒருநாள் இரவு அவளுக்குக் கடும் காய்ச்சல். இரண்டு மணிக்கு அந்த வீட்டில் ஓர் அழுகுரல் கேட்டது. "அம்மா" என்று கூப்பிட்டு அழுதிருக்கிறாள். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அந்தத் தாய் ஓடிவந்து, "ஃபாதர், அவ அழுதுட்டா! என்னைக் கூப்பிட்டு அழுதா!" என்றார். குழந்தை அழுததற்காக ஒரு தாய் அப்படி மகிழ்ந்ததை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அழுதால் ஆள் வரும் என்று அந்தப் பிள்ளை நம்பத் தொடங்கிவிட்டாள்.

இன்று அவள் நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். தேர்வு நெருங்கினால் இன்னும் பள்ளிப் பைக்குள் பிஸ்கட் ஒளித்துவைக்கிறாள். இப்போதெல்லாம் அவள் அம்மா அதைத் தேடி எடுப்பதில்லை. பையில் இன்னொரு பொட்டலமும் சேர்த்து வைத்து அனுப்புகிறார்.

அழைத்தால் வருகிற மனிதர்களாக நம்மை ஆண்டவர் ஆக்குவாராக. தூய சூசையப்பர் நம் குடும்பங்களுக்காக, சிறப்பாகப் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்க்கும் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.